ஷோபாவுக்கு டென்ஷன் ஏறவில்லை

ரயிலில் தூங்குகிறவர்களில் பல தினுசு உண்டு. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர்கள், பக்கத்து ஆளின் தோளைத் தலையணையாக்குகிறவர்கள், தூங்கவே இல்லையென்று சாதிக்கிறவர்கள். கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டை ஷோபா இவர்கள் எல்லாருக்கும் மேலே. மாரிகுப்பத்தில் காலை வண்டி கிளம்பி, அடுத்த ஸ்டேஷனான சாம்பியனில் நிற்பதற்குள் அவளுக்குக் கண் சொக்கிவிடும். இடம் கிடைத்தால் உட்கார்ந்து தூங்குவாள். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவாள். பையப்பனஹள்ளி தாண்டியதும் யாரும் எழுப்பாமல் விழித்து, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, கன்டோன்மென்ட்டில் இறங்கி நடப்பாள். பத்தொன்பது வருஷமாக இதுதான் நடக்கிறது.

அவளுக்கு பெங்களூரில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியில் வேலை. மெஷின் ஒழுகுகிறது, சத்தம் போடுகிறது, நேற்று வருவதாகச் சொன்ன மெக்கானிக் இன்னும் வரவில்லை என்று போன் செய்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது. தங்கவயலில் பிறந்தவளாதலால் தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் என்று நாலு பாஷையிலும் திட்டு வாங்கத் தெரியும். அதனால் கம்பெனியில் அவளுக்கு நல்ல பெயர். அவள் கணவன் சம்பங்கி ராபர்ட்சன்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறான். சவாரி கிடைத்தால் ஓட்டுவான், பேச ஆள் கிடைத்தால் நிறுத்திவிடுவான். ஆக, வீடு நடப்பதும் மகள் கோலாரில் நர்ஸிங் படிப்பதும் ஷோபாவின் சம்பளத்தில்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு ஒரு நாள் சிவப்பு விளக்கு விழுந்தது. அடுத்த மாதம் முதல் ஆபீஸ் நகரத்தின் மறுகோடிக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். ரயில், மெட்ரோ, பஸ் எல்லாம் மாறிப் போனாலும் பதினோரு மணிக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. ஒன்பதரைக்கு முதல் போன் அடிக்கும். வேலையை விட வேண்டியதுதான். அல்லது வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி பத்து பேருக்கு மட்டும். எந்தப் பத்து பேர்? பிரயாணத்தில் யாருக்கு அதிக மன அழுத்தமோ அவர்களுக்கு.

அழுத்தத்தை எப்படி அளப்பது? அதற்கும் ஒரு அதிகாரி வைத்திருந்தார்கள். மமதா என்று பெயர். ஊழியர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவளுக்கு வேலை. அவள் எல்லார் மணிக்கட்டிலும் ஆளுக்கொரு கறுப்புப் பட்டையைக் கட்டிவிட்டாள். நாடி எப்படி ஓடுகிறது, தோல் எவ்வளவு வியர்க்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். மனசு அமைதியாக இருந்தால் பச்சை, கொஞ்சம் கலங்கினால் மஞ்சள், ரொம்பக் கலங்கினால் சிவப்பு. கணக்கெல்லாம் மமதாவின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

ஷோபாவுக்கு நம்பிக்கை பிறந்தது. காலை நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்து, இருட்டில் ஸ்டேஷனுக்கு ஓடி, கால் வைக்க இடமில்லாத பெட்டியில் இரண்டரை மணி நேரம் தொங்கிக்கொண்டு வருகிறவளுக்கு அழுத்தம் இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

முதல் வாரம் முடிந்ததும் மமதா கூப்பிட்டாள்.

"மேடம், நீங்க டிரெயின்ல தியானம் பண்றீங்களா?"

"இல்லம்மா. ஏன்?"

"காலைல ஆறுல இருந்து எட்டரை வரைக்கும் முழுக்கப் பச்சை. சாயங்காலமும் பச்சை. அறுபது பேர்ல உங்கள மாதிரி அமைதியான ஆள் யாருமே இல்ல." மமதா திரையை நகர்த்தினாள். "ஒரே ஒரு இடத்துலதான் சிவப்பு. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு. அப்ப என்ன நடந்தது?"

ஷோபா யோசித்தாள். "அது எங்க வூட்டுக்காரர் எனக்கு ஒத்தாசையா கறி சமைக்கிற நேரம்."

மமதா வருத்தத்தோடு தலையாட்டினாள். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, பார்க்கலாம் என்றாள். தூங்கினால் பச்சை என்று யாராவது முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? வயிற்றுப் பிழைப்பு ஒரு தூக்கத்தில் போகிறதே என்று ஷோபாவுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடு சாயங்கால வண்டி ஏறியவள் ஒயிட்ஃபீல்டு வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

மறுநாள் விஷயம் பெட்டி முழுக்கப் பரவியது. தங்கவயல் ரயிலில் ஒருத்தருக்கு நேர்ந்தது பெட்டிக்கே நேர்ந்த மாதிரி. இந்த விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டவள் பார்வதம்மா. அல்சூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. அவள் குரலுக்குப் பயந்து இரண்டாம் வகுப்பு முழுவதும் வாய்ப்பாடு படித்துவிடும்.

"இவ்ளோதானா? உனுக்கு டென்ஷன் ஏத்தணும், அவ்ளோதான? எங்கிட்ட வுடு" என்றாள் பார்வதம்மா.

அடுத்த நாள் ஷோபா உட்கார்ந்து கண்ணை மூடியதும் பார்வதம்மா இடுப்பில் கைவைத்து எதிரே நின்றாள். "ஏய்! யாரு எடத்துல யாரு உக்காந்துகினு கீற? எய்ந்திரு!" பெட்டியே நடுங்கியது. பெங்களூர் மார்க்கெட்டுக்குப் பூ எடுத்துப் போகும் ஒரு பெரியவர், தன்னைத்தான் சொல்கிறாள் என்று எழுந்து நின்றுவிட்டார். ஷோபா "உக்காருங்கக்கா" என்று இடத்தைக் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தூங்கினாள். பட்டையில் பச்சை.

மறுநாள் தூங்கவிடாமல் ஆளுக்கொரு பயங்கரக் கதை சொன்னார்கள். பாம்பு, விபத்து, மாமியார் எல்லாம் வந்தன. ஷோபா "ஐயோ பாவம்" என்று சொல்லிக்கொண்டே கண்ணயர்ந்தாள். அதற்கும் அடுத்த நாள் பார்வதம்மா அவளுடைய போனை ஒளித்துவைத்தாள். கன்டோன்மென்ட் வந்த பிறகுதான் ஷோபா அதையே கவனித்தாள். போன் இல்லாமல் வந்தது நிம்மதியாக இருந்தது என்றும் சொன்னாள்.

"உனுக்கு உடம்புல ரத்தம் ஓடுதா இல்ல மோர் ஓடுதா?" என்று பார்வதம்மா நொந்துபோனாள். பிறகு அவள் கண் பெட்டியின் மறுகோடிக்குப் போனது. அங்கே ஜன்னல் கம்பி வழியாக வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார் ஏனோக்.

"டென்ஷனுக்கு நாம ஏன் ஊரெல்லாம் தேடணும்? அதோ கீறாரே."

ஏனோக்குக்கு ஐம்பத்தேழு வயது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். முப்பது வருஷமாக இதே வண்டியில் வருகிறார். ஒரு நாள்கூட லேட் ஆனதில்லை, ஒரு நாள்கூட லேட் ஆகிவிடுமோ என்று பயப்படாமல் இருந்ததும் இல்லை. வண்டி மாலூரில் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் அவர் முகம் சிவக்கும். ஒயிட்ஃபீல்டு சிக்னலில் நின்றால் கைக்குட்டை நனைந்துவிடும். இறங்கிப் போய்த் தள்ளினால் நகருமா என்று கேட்கிற ஆள். மற்றபடி தங்கமான மனுஷர். தேவாலயக் கமிட்டியில் இருக்கிறார். வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை என்பது அவருக்கும் பெருமை, அவர் மனைவி எலைனுக்கு அதைவிடப் பெருமை.

அந்த மனுஷரிடம் போய், ரயிலில் இருக்கும் நேரம் மட்டும் இந்தப் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று ஷோபா கேட்டாள். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"இன்னாம்மா இது, ஏமாத்து வேலை! நான் மாட்டேன்."

"எனுக்கு வேலை பூடும்ணா. பொண்ணு படிப்பு பாதியில நிக்கிது."

ஏனோக் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தியாகல் ஸ்டேஷன் வந்து போயிற்று. பிறகு கையை நீட்டினார்.

"கட்டு. ஆனா ஒண்ணு, யாரானா கேட்டா உண்மைதான் சொல்லுவேன். அதுக்கு அப்பால என்னைத் திட்டக்கூடாது."

"உங்கள யாருண்ணா கேக்கப்போறாங்க?"

அன்று முதல் மாரிகுப்பத்தில் வண்டி ஏறியதும் பட்டை ஏனோக் கைக்கு மாறும், கன்டோன்மென்ட்டில் திரும்பி வரும். சாயங்காலமும் அப்படியே. ஏற்கெனவே சிக்னல் பயம், இப்போது பிறரை ஏமாற்றுகிறோமே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. டிக்கெட் பரிசோதகர் வந்தால்கூட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். பட்டை ரத்தச் சிவப்பாக எரிந்தது. பெட்டியில் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஷோபாவை வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஷோபா நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாவது வாரம் முடிந்து, நாலாம் சனிக்கிழமை. லீவு நாள். காலை ஒன்பது மணிக்கு மமதாவின் போன் வந்தது.

"மேடம், நான் கார்ல வந்துகிட்டிருக்கேன். பங்காருபேட்டை தாண்டிட்டேன். நீங்க பதறாதீங்க. உங்க நாடித் துடிப்பு டிரெயின்ல ஒழுங்கில்லாம ஓடுதுன்னு கம்பெனி டாக்டர் சொல்றார். அழுத்தம் மட்டும் இல்ல, இதயத்துலயே ஏதோ கோளாறு இருக்கலாமாம். இன்னைக்கே ஈசிஜி எடுத்தாகணும். வீட்டையும் பார்த்துட்டுப் போறேன். ஒரு சந்தோஷமான விஷயம், லிஸ்ட்ல முதல் பேரே உங்க பேருதான்."

ஷோபா ஒரு நொடி துள்ளினாள். அடுத்த நொடி உட்கார்ந்துவிட்டாள். ரயிலில் ஓடுவது யாருடைய நாடி?

உடனே ஏனோக்குக்குப் போன் செய்தாள். "அண்ணா, உங்குளுக்கு நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"நெஞ்சு ஒண்ணும் இல்ல. இடது தோளுதான் நாலு நாளா வலி. கம்பியப் புடிச்சிகினு நிக்கிறேன் இல்ல. ஏன் கேக்கற?"

விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார். "அது உன் பேர்ல வந்த ரிப்போர்ட்டும்மா. எனுக்கு இன்னா? வெறும் வாய்வுப் புடிப்பு. நாளைக்கி சர்ச்சுல அறுப்பின் பண்டிகை, ஏகப்பட்ட வேலை கீது."

இந்த ஆளை நேர்வழியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக முடியாது என்று ஷோபாவுக்குத் தெரியும். "அண்ணா, என்னைத்தான் ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போறாங்க. எனுக்குப் பயமா கீது. தொணைக்கி வாங்கண்ணா" என்றாள். துணைக்கு என்றால் ஏனோக் எங்கும் வருவார். சம்பங்கி ஆட்டோவை எடுத்துக்கொண்டு அவரை அழைத்துவரப் போனான். அங்கே போனதும் டாக்டரைத் தனியாகப் பிடித்து விஷயத்தைக் காதில் போட்டுவிட்டால், ஏனோக்கும் பிழைப்பார், தன் வேலையும் பிழைக்கும். இதுதான் ஷோபாவின் திட்டம்.

மமதா வந்து வீட்டைப் பார்த்தாள். மேஜை இருந்தது. இன்டர்நெட் இருந்தது. சத்தம் வருமா என்று கேட்டாள். "சத்தமே வராதும்மா" என்று ஷோபா சொல்லும்போது பக்கத்து வீட்டு மிக்ஸி, எதிர்வீட்டு நாய், தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கி மூன்றும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன. இதய நோயாளி என்பதால் மமதா அதை மன்னித்தாள்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் வயதானவர், கிண்டல்காரர், சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் திங்கட்கிழமைதான் திறப்பார். மமதா ஷோபாவின் கையை விடவே இல்லை. நடக்கும்போது பிடித்துக்கொண்டாள், உட்காரும்போது தாங்கிக்கொண்டாள், பாத்ரூம் வாசல் வரைக்கும் வந்தாள். இவ்வளவு பாசத்தைத் தாண்டி டாக்டரின் காதை எட்டுவதற்கு ஷோபாவால் முடியவில்லை. அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, வயர்களை ஒட்டி, ஈசிஜி எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் ஏனோக் அவளுடைய பையையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்காக ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

டாக்டர் காகிதத்தை நீட்டிப் பார்த்தார். "இந்தம்மாவுக்கு என் இதயத்தைவிட நல்ல இதயம். இன்னும் நாப்பது வருஷத்துக்குக் கவலை இல்ல."

"அப்ப பட்டை காட்டினது?" என்றாள் மமதா.

"பட்டை பழுது. வித்தவன்கிட்டத் திருப்பிக் குடுங்க."

மமதா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அப்பாடா! சரி மேடம், இதயத்தை விடுங்க. அழுத்தக் கணக்கு அப்படியே இருக்கட்டும். லிஸ்ட்டும் அப்படியே இருக்கட்டும். இன்னைக்கே அனுப்பிடறேன்."

நல்ல செய்தி கேட்டு ஏனோக் எழுந்து உள்ளே வந்தார். "ஸ்தோத்திரம்!" என்றார். முகம் வேர்த்திருந்தது. வலது கையால் இடது தோளைப் பிசைந்துகொண்டே சிரித்தார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். மணி பன்னிரண்டாக ஐந்து நிமிஷம்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். திங்கட்கிழமை இவரை வேறு எங்காவது கூட்டிப் போகலாம். இன்னும் இரண்டே நாள்தானே. ஷோபா அப்படியும் நினைத்தாள், நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்த வேர்த்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"டாக்டர், பட்டை பழுது இல்ல. டிரெயின்ல அதைக் கட்டிகினது நான் இல்ல. இவரு."

மமதா அவள் கையை விட்டாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எல்லாரும் ஏனோக்கைப் பார்த்தார்கள்.

ஏனோக்கின் பார்வை மமதா கையிலிருந்த லிஸ்டுக்குப் போய், ஷோபாவிடம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்லவே இல்ல" என்றார். "அந்தப் பட்டைய நான் கண்ணால பார்த்ததே இல்ல."

ஷோபாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணா!"

"பொய் சொல்லுது டாக்டர். எனுக்கு ஒடம்பு சரியில்லன்னு நெனைச்சிகினு, வைத்தியம் பார்க்க வைக்கறதுக்காகப் பொய் சொல்லுது. நல்ல பொண்ணு, ஆனா பொய் சொல்லுது. அதுக்கு டிரெயின்ல ரொம்ப டென்ஷன். நானே பார்த்துகினு கீறேன். தூங்கறதே இல்ல."

"யோவ் அண்ணா, நான் தூங்காத நாளே இல்ல!"

"ஒரு கண்ணக்கூட மூடாது டாக்டர்."

மரியாதை எல்லாம் பறந்து இருவரும் கத்திக்கொண்டார்கள். கன்டோன்மென்ட்டில் பட்டையைக் கழற்றியது யார், டிக்கெட் பரிசோதகரைக் கண்டு ஒளித்தது யார் என்று ஷோபா ஒவ்வொன்றாகச் சொல்ல, ஏனோக் ஒவ்வொன்றுக்கும் "இல்லை" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் ஒவ்வொரு பொய்க்கும் மூச்சு வாங்கியது. மூன்றாவது "இல்லை" சொல்லும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"யார் சொல்றது பொய்யின்னு நம்ம மெஷினே சொல்லட்டும். ஐயாவைப் படுக்க வைங்க" என்றார் டாக்டர்.

சம்பங்கியும் கம்பவுண்டரும் சேர்ந்து அவரைப் படுக்கவைத்தார்கள். காகிதம் வெளியே வர வர டாக்டரின் கிண்டலெல்லாம் போய்விட்டது. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். கோலாரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே போக வேண்டும், திங்கட்கிழமை வரைக்கும் விட்டிருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று ஷோபாவிடம் மெதுவாகச் சொன்னார்.

வராந்தாவில் மமதா பட்டையைக் கேட்டாள். ஷோபா கழற்றிக் கொடுத்தாள்.

"மேடம், உங்க பேரை நான் எடுத்தாகணும்" என்றாள் மமதா. அவளுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. "நடந்தது எல்லாத்தையும் எழுதியாகணும்."

"எழுதும்மா. நீ இன்னா பண்ணுவ" என்றாள் ஷோபா. மமதாவின் கார் திரும்பிப் போகும்வரை தாங்கிக்கொண்டிருந்தவள், அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதாள். மகளுக்கு என்ன சொல்வது என்று நினைத்து நினைத்து அழுதாள். சம்பங்கி பக்கத்தில் வந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒன்றும் பேசாமல் நின்றான்.

ஆம்புலன்ஸ் வந்த அதே நேரத்தில் எலைனும் வந்து சேர்ந்தாள். எலைன் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த கணவனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் விசாரணையை ஆரம்பித்தாள்.

"உள்ள ஒரே பொய்யும் புரட்டுமா கத்திகினு கெடந்தீங்கன்னு கம்பவுண்டர் சொல்றான். யாரு பொய் சொன்னது? இவரா? முப்பது வருஷமா இவர்கூட குடும்பம் நடத்தறேன், ஒரு பொய் சொல்லிக் கேட்டதில்ல. இன்னாங்க, நீங்க பொய் சொன்னீங்களா?"

ஏனோக் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. சொல்லிவிடத்தான் போகிறார் என்று ஷோபாவுக்குத் தெரிந்துவிட்டது.

"பொய் சொன்னது நான்தான் அண்ணி" என்றாள் அவசரமாக. "அண்ணன் எப்பவும்போல உண்மையைத்தான் சொன்னாரு. நீங்க கம்முனு படுங்கண்ணா, பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிகீறாரு."

எலைன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்மா, பொம்பளப் புள்ளைய வச்சிகினு இப்பிடிப் பொய் சொல்லலாமா நீ?"

எலைனும் ஷோபாவும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார்கள். கோலார் போய்ச் சேரும்வரை, பொய் சொல்வதால் வரும் கேடுகளையும், தன் கணவரைப் பார்த்து ஊர் கற்றுக்கொள்ள வேண்டியதையும் எலைன் விடாமல் எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். "சரி அண்ணி, சரி அண்ணி" என்று ஷோபா கேட்டுக்கொண்டு வந்தாள். ஏனோக்கின் கண்ணிலிருந்து தண்ணீர் காதோரமாக இறங்கியது. வலி தாங்காமல் அழுகிறார் பாவம் என்று எலைன் சொன்னாள். ஆமாம் அண்ணி என்று சொல்லிவிட்டு, ஷோபா தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.